இரவல் மூச்சு

மூச்சக்கா எங்கே என்று கேட்டால் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் காவலாளிகூட யோசிக்காமல் மூன்றாவது மாடியைக் கைகாட்டுவார். அப்படி ஒரு பேர் எடுத்துவிட்டாள். வேலை என்னவோ வார்டு உதவியாளர் வேலைதான். விரிப்பு மாற்றுவது, நடக்க முடியாதவர்களைப் பிடித்து நடத்துவது, குளிப்பாட்டுவது, எச்சில் பாத்திரம் எடுப்பது. இதற்கெல்லாம் யாரும் யாருக்கும் பட்டப்பெயர் வைப்பதில்லை. அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அந்த மூச்சு வில்லைதான். கடைசியில் அவள் வீட்டைக் குலைத்ததும் அதுதான். ஆனால் வில்லையைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. பாவம், யார் நெஞ்சில் மாட்டினாலும் அது ஒழுங்காகத்தான் வேலை செய்தது.

வில்லை என்பது உதவியாளர்கள் வைத்த பேர். மேலே இருப்பவர்கள் வாயில் அது சென்சார். பெரிய கோட்டுப் பொத்தான் அளவுக்கு வெள்ளையாக இருக்கும். நோயாளியின் நெஞ்சில் முதலில் ஒரு பசைத்தாளை ஒட்டி, அதன்மேல் வில்லையை டக்கென்று மாட்டிவிட்டால் தீர்ந்தது. நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து, நர்ஸ் மேஜையில் இருக்கும் திரையில் அலை அலையாகப் பச்சைக் கோடு ஓடவிடும். மூச்சு குறைந்தால் மஞ்சள். நின்றால் சிவப்பு, கூடவே காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். நல்ல சாமான்தான், பொய் சொல்லக்கூடாது. வார்டு நிறைய ஆட்களைப் படுக்க வைத்துவிட்டு ஒரே ஒரு சிஸ்டர் எத்தனை நெஞ்சைத்தான் குனிந்து குனிந்து பார்ப்பார்?

வந்த புதிதில் அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். ரிப்பன் வெட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். அதற்கப்புறம்தான் தலைவலி ஆரம்பமானது. நோயாளி என்றால் மரக்கட்டையா என்ன? அவருக்கு வியர்க்கும், அரிக்கும், பசை விட்டுப்போகும். குளிக்க வேண்டும், எக்ஸ்ரே எடுக்கப் போக வேண்டும். வில்லை நெஞ்சை விட்டு இறங்கினால் அந்த மெஷினுக்கு அது ஆள் மூச்சு நின்ற கணக்கு. உடனே கத்தும். முறைப்படி நிறுத்தி வைக்க வேண்டுமென்றால் சிஸ்டர் கை வேலையைப் போட்டுவிட்டு வந்து கடவுச்சொல்லைத் தட்டி, காரணத்தைத் தேடிப் பிடித்து, சரி சரி என்று நாலு முறை அமுக்க வேண்டும். அதற்குள் குளிக்கப் போனவர் துவட்டிக்கொண்டே வந்துவிடுவார். அப்படி அமுக்கினாலும் அது 'இடைவெளி' என்று மேலே கண்காணிப்பு அறைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மாதக் கூட்டத்தில் எந்த வார்டில் எவ்வளவு இடைவெளி என்று சுவரில் படம் போட்டுக் காட்டி, மேனேஜர் ஒவ்வொரு சிஸ்டரையும் எழுப்பி நிற்க வைத்துக் கேள்வி கேட்பார். அந்தச் சிஸ்டர் கீழே வந்து, வாங்கியதை வட்டியோடு உதவியாளர்கள் தலையில் கொட்டுவார். எல்லா இடத்திலும் நடக்கிறதுதானே.

அப்படி ஒருநாள் காலையில் மூச்சக்கா ஒரு பாட்டியம்மாவைக் குளிப்பாட்டக் கிளம்பினாள். அப்போது அவளுக்கு அந்தப் பேர் இல்லை, வெறும் அக்காதான். வில்லையைக் கழற்றியதும் சத்தம் அடித்தது. சிஸ்டர் அங்கிருந்தே முறைத்தார். அவளுக்கு எங்கிருந்துதான் அந்த யோசனை வந்ததோ, ஒரு புதுப் பசைத்தாளை எடுத்துத் தன் சட்டைக் கழுத்துக்குள்ளே ஒட்டி, அதில் வில்லையை மாட்டிக்கொண்டாள். சத்தம் நின்றது. திரையில் பச்சைக் கோடு சாதுவாக ஓடியது. பாட்டியம்மா சாவகாசமாகக் குளித்துவிட்டு வந்தார். சிஸ்டர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், டீ வாங்கிக் கொடுத்தார்.

அவ்வளவுதான், காட்டுத்தீ மாதிரி எல்லா வார்டுக்கும் பரவிவிட்டது. ஒவ்வொரு உதவியாளரும் காலையில் வேலைக்கு வந்ததும் கழுத்துக்குக் கீழே ஒரு பசைத்தாளை ஒட்டிக்கொண்டுதான் அடுத்த வேலை. யாராவது குளிக்கப் போனால், "இந்தாக்கா, கொஞ்ச நேரம் இவருக்காக மூச்சு விடுங்க" என்பார்கள். அதிலும் போட்டி. யார் மூச்சு நோயாளி மூச்சு மாதிரி அடக்கமாக இருக்கிறது என்று திரையைப் பார்த்து மார்க் போடுவார்கள். மூச்சக்காவை அடிக்க ஆள் கிடையாது. கையில் வாளியோடு படியேறினாலும் அவள் கோடு குலையாது. "அக்கா மூச்சு தங்கம்" என்பார்கள். அவளும் அந்தப் பெருமையில் குளிர் காய்ந்தாள், ஏன் காயக்கூடாது? இத்தனை வருஷம் மாடாய் உழைத்ததற்கு யாரும் ஒரு சபாஷ் போட்டதில்லை. சும்மா நின்று மூச்சு விட்டதற்குப் பட்டப்பெயரே கிடைத்தது. பசை பட்டுப் பட்டு அவள் கழுத்தெலும்புக்குக் கீழே வட்டமாக ஒரு சிவப்புத் தழும்பு விழுந்து, அது ஆறவே இல்லை.

மட்டமான மூச்சு என்றால் அது சிட்டுவுடையது. சிட்டு கீழே அறுவை சிகிச்சை வார்டில் உதவியாளர். குள்ளமாக, துறுதுறுவென்று, வாய் ஓயாமல் பேசுகிறவள். மூச்சக்காவும் அவளும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கல்யாணம், பிரசவம், சண்டை, சமாதானம் எல்லாம் ஒருவருக்கொருவர் தெரிந்துதான் நடந்தது. சிட்டுவிடம் ஒரு பழக்கம். நாலு வார்த்தை பேசினால் நடுவில் ஒரு பெருமூச்சு விடுவாள். கவலை இருந்தாலும் விடுவாள், சந்தோஷத்திலும் விடுவாள். அவள் வில்லையை மாட்டிக்கொண்டால் திரையில் கோடு ஓடி ஓடி, திடீரென்று ஒரு குன்று எழும்பும். "அடியே, நீ மாட்டினா எவனும் கண்டுபிடிச்சிருவான்டி. பேஷண்ட் ஏதோ கடன்காரன் போலன்னு நினைச்சுக்குவாங்க" என்று மூச்சக்கா கேலி செய்வாள்.

மூச்சக்காவின் வீட்டுக்காரர் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் எல்லாரும் டிரைவர் என்றுதான் சொல்வார்கள், அவளும் சேர்த்து. நல்ல மனுஷர், கோபக்காரர், தூங்கினால் ஊரைக் கூட்டுகிறவர். அந்தக் குறட்டைக்குப் பயந்தே வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் வந்தால் சமையலறையில் பாய் போட்டுப் படுப்பாள். குறட்டையாவது பரவாயில்லை, நடுவில் அது நின்றுவிடும், அதுதான் பயங்கரம். திடீரென்று வீடே அமைதியாகிவிடும். அந்த அமைதியில் அவள் தூக்கத்திலேயே கையை நீட்டி அவர் விலாவில் ஒரு குத்து விடுவாள். அவர் பழைய பஸ் மாதிரி இருமிக் குலுங்கி மறுபடி கிளம்புவார். காலையில் விலாவைத் தடவிக்கொண்டு, "ராத்திரி என்னம்மா பாக்ஸிங்கா?" என்பார். "உங்களை உயிரோட வச்சிருக்கேன், அதுக்குக் கூலி கொடுங்க" என்பாள். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் அவர்கள் குடித்தனம்.

மனுஷர் மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தாள். வேறெங்கே சேர்ப்பாள்? ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆபரேஷன் செய்த டாக்டரம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

"வலிக்குக் கொஞ்சம் பலமான மருந்து போடறோம்மா. அது மூச்சை அமுக்கும். சாதாரண ஆளுக்குப் பரவாயில்லை. இவர் குறட்டை விடுறவர், நடுவுல நிக்குதுன்னு நீங்களே சொல்றீங்க. அதனால ரெண்டு மூணு நாளைக்கு நெஞ்சுல இருக்கிற சென்சாரைக் கழட்டவே கூடாது. நின்னா உடனே தெரிஞ்சா போதும், தட்டி எழுப்பிடலாம். தெரியாமப் போச்சுன்னாதான் ஆபத்து."

"நான் பார்த்துக்கறேன் டாக்டர்" என்றாள் மூச்சக்கா. சொன்னாளே தவிர, சொந்தக்காரர் படுத்திருக்கும் வார்டில் ஊழியர்கள் வேலை பார்க்கக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சட்டம். அவள் மூன்றாவது மாடியில், அவர் கீழே. ஆகவே சிட்டுவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னை நம்பித்தான்டி விட்டுட்டுப் போறேன்."

"போங்கக்கா, மாமாவை நான் பார்க்க மாட்டேனா? கண்ணுல வச்சுப் பார்த்துக்கறேன்."

மறுநாள் காலையில் வேலை தொடங்கும் முன் அவள் போய்ப் பார்த்தாள். டிரைவர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு படுத்திருந்தார். வில்லையைச் சுற்றி நெஞ்சைச் சொறிந்து சொறிந்து சிவக்க வைத்திருந்தார்.

"என்னம்மா இது, கரப்பான் பூச்சியைக் கட்டிவிட்ட மாதிரி அரிக்குது. கழட்டச் சொல்லேன்."

"எனக்கு அரிக்காத அரிப்பா உங்களுக்கு? இங்க பாருங்க" என்று சட்டைக் கழுத்தை விலக்கித் தன் தழும்பைக் காட்டினாள். "வருஷக்கணக்கா ஒட்டிக்கிட்டுத் திரியறேன். ரெண்டு நாளைக்கு உங்களால முடியாதா?"

"இத்தனை வருஷமா நீ விலாவுல குத்துன. இப்ப ஆள் வச்சு மெஷின்ல குத்த வைக்கிறியா?"

"மெஷின் குத்தாது. கத்தும். எனக்குக் காது நல்லாக் கேக்கும், ஓடி வந்துடுவேன். கை வச்சீங்கன்னா பாருங்க."

"ஆத்தாடி, உத்தரவு" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் அவர் கையைப் போர்வைக்குள் வைத்துவிட்டு மேலே போனாள். அவரோடு அவள் பேசிய கடைசிப் பேச்சு இதுதான். வேறு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று பின்னால் எவ்வளவோ யோசித்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வார்டு அடங்கியது. டீ நேரம் வந்ததும் கீழே போய் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்று கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். மூன்றாவது மாடி சிஸ்டர் மேஜையிலிருந்து கூப்பிட்டார்.

"மூச்சக்கா, இங்க வாங்க. உங்க வீட்டுக்காரரைக் காட்டறேன்."

ஒரு வார்டு திரையில் இன்னொரு வார்டுப் படுக்கையையும் பார்க்கலாம். சிஸ்டர் அவர் படுக்கையைத் தட்டி எடுத்தார். பச்சைக் கோடு. மஞ்சள் இல்லை, நிற்பதில்லை, தடுமாறுவதில்லை. தண்ணீரில் இலை மிதக்கிற மாதிரி ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

"பாவி மனுஷா!" என்றாள் மூச்சக்கா. வாயெல்லாம் பல். "வீட்டுல ஒரு நாளாச்சும் இப்படித் தூங்கியிருக்கியாய்யா? இங்க வந்து ஏசி ரூம்ல எப்படித் தூக்கம் பாருங்க சிஸ்டர். என்னைப் பிரிஞ்ச நிம்மதி."

அப்போது கோட்டில் ஒரு குன்று எழும்பி இறங்கியது.

"பெருமூச்சு விடறார். உங்களை நினைச்சுக்கிட்டாரு போல" என்று சிஸ்டர் சிரித்தார்.

"ம்க்கும், நினைச்சுட்டாலும்."

அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்போது போனால் காலடிச் சத்தத்தில் விழித்துக்கொள்வார், நல்ல தூக்கம் கெட்டுவிடும், தூங்கட்டும் என்று நினைத்தாள். கீழே போகவில்லை. டீயை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்து, ஆற அமரக் குடித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு டீ சூடாக இருக்கும்போதே குடித்து முடித்தாள். அந்த டீயை நினைத்தால் அவளுக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

கீழேயிருந்து போன் வந்தது. சிஸ்டர் எடுத்துக் கேட்டுவிட்டு மூச்சக்காவைப் பார்த்த பார்வையே போதும். லிஃப்டுக்கு நிற்காமல் படியில் ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது டாக்டர்கள் அவர் நெஞ்சை அமுக்கி அமுக்கி ஓய்ந்து, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் வாய் லேசாகத் திறந்தபடி கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. நெஞ்சில் பசைத்தாள் இருந்தது. வில்லை இல்லை.

சுவரோரம் சிட்டு நின்றிருந்தாள். ஒரு கை சட்டைக் கழுத்துக்குள் இருந்தது. மூச்சக்காவைப் பார்த்ததும் அந்தக் கையை எடுக்கவும் தெரியாமல், உள்ளேயே வைத்திருக்கவும் தெரியாமல் தவித்தாள். யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த நிலையில் எத்தனை தடவை மூச்சக்காவே நின்றிருக்கிறாள்!

"அரிக்குது, அரிக்குதுன்னு பிய்ச்சுப் போட்டாருக்கா" என்றாள் சிட்டு, அழுகையில் வார்த்தை பாதியாக வந்தது. "சொன்னாக் கேக்கலை. கொஞ்ச நேரம் விட்டுடும்மா, அவகிட்ட சொல்லிடாதே, கத்துவாள்னு கெஞ்சினாரு. சரி, புண்ணாயிருக்கே, கொஞ்சம் காத்தாடட்டும்னு... சத்தம் அடிச்சா மேல நீங்க பார்த்துட்டுப் பதறி ஓடி வருவீங்களேன்னுதான்க்கா நான் மாட்டிக்கிட்டேன். நீங்க பயப்படக் கூடாதுன்னுதான். பக்கத்துத் துணி ரூம்லதான்க்கா இருந்தேன், விரிப்பு மடிச்சுக்கிட்டு. சுவத்துக்கு அந்தப் பக்கம்தான்க்கா... திரும்பி வந்து பார்த்தா மூச்சே இல்லக்கா..."

மூச்சக்கா அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. கட்டிலருகே போய், பழக்க தோஷத்தில் கையை நீட்டி அவர் விலாவில் ஒரு குத்து விட்டாள். பிறகு இன்னொன்று. பிறகு பலமாக. டாக்டரம்மா வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

காரியங்கள் முடிந்து, வந்தவர்கள் போய், வீடு அமைதியான பிறகுதான் அவளுக்கு அந்தக் குன்று நினைவுக்கு வந்தது. மெஷின் ஏமாந்தால் ஏமாறட்டும், சிஸ்டர் ஏமாந்தால் ஏமாறட்டும், அவள் எப்படி ஏமாந்தாள்? ஒரு நாள்கூட இடறாமல் மூச்சு விடாத மனுஷர், பலமான மருந்து வேறு உள்ளே போயிருக்கிறது, கோடு மட்டும் தண்ணீரில் இலை மாதிரி ஓடுகிறது! பார்த்ததும் கீழே ஓடியிருக்க வேண்டாமா? அந்தப் பெருமூச்சை எத்தனை ஆயிரம் தடவை பார்த்துக் கேலி செய்திருக்கிறாள்! தோழி மூச்சைப் பார்த்துப் புருஷன் மூச்சு என்று பூரித்துப் போய் உட்கார்ந்து டீ குடித்தாளே, அவளை என்ன செய்தால் தகும்? அவள் தன்னைத்தானே வாய்விட்டுத் திட்டினாள். கேட்க ஆளில்லாத வீட்டில் சத்தமாகவே திட்டினாள்.

மகள் ஊருக்குப் போகும்முன் கேட்டிருந்தாள். "அம்மா, நீ மெஷின்ல பார்த்தேன்னு சிஸ்டர் சொன்னாங்களே. அப்பா கஷ்டப்படாமத்தான் போனாராம்மா?"

"ஆமாம்மா. நல்லாத் தூங்கினாரு" என்றாள் மூச்சக்கா.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் அறையில் மெஷின் கம்பெனி ஆள் ஒருவர் மடியில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தார். சிட்டு ஓரமாக நின்றாள். மேனேஜர் எழுந்து வந்து மூச்சக்காவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். இத்தனை வருஷத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"உங்க இழப்பு எங்களுக்கும் இழப்புதாம்மா" என்று ஆரம்பித்தார். "ஆனா ஒரு ஆறுதல். ரெக்கார்டு முழுக்கப் பார்த்தோம். கடைசி வரைக்கும் மூச்சு அவ்வளவு சீரா இருந்திருக்கு. மருந்தால ஒண்ணும் ஆகலை. இதயம் திடீர்னு நின்னிருக்கு. யாராலயும் தடுத்திருக்க முடியாது."

"அது அவர் மூச்சு இல்ல சார்."

கம்பெனி ஆள் நிமிர்ந்து பார்த்தார்.

"அது இவ மூச்சு. இவ மாட்டியிருந்தா. இது எல்லா வார்டுலயும் நடக்குது சார், இன்னைக்கு நேத்து இல்ல. ஆரம்பிச்சு வச்சதே நான்தான். என்னை வேலையை விட்டு அனுப்புங்க, பரவாயில்லை. ஆனா அவர் நல்லா மூச்சு விட்டாருன்னு மட்டும் சொல்லாதீங்க. அவர் மூச்சு முட்டிச் செத்திருக்காரு. பார்க்க நாதியில்லாம செத்திருக்காரு. அதையாவது ஒத்துக்கோங்க."

மேனேஜர் சிட்டுவைப் பார்த்தார். "என்னம்மா, அப்படியா?"

சிட்டு தரையைப் பார்த்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள். "இல்ல சார். டாக்டருங்க வந்து எடுக்கிற வரைக்கும் அவர் நெஞ்சுலதான் இருந்துச்சு" என்றாள்.

"அப்படி எதுவும் நம்ம ஆஸ்பத்திரியில நடக்காதும்மா" என்றார் மேனேஜர், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி மெல்ல. "ஒருத்தர் சென்சாரை இன்னொருத்தர் மாட்டிக்கிறதா! கேக்கவே எப்படி இருக்கு பாருங்க. துக்கத்துல மனசு என்னென்னவோ சொல்லும். கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கோங்க. இந்த மாதிரி வெளியில பேசாதீங்க, உங்களுக்குத்தான் அசிங்கம்."

வெளியே படிக்கட்டில் சிட்டு பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அக்கா, என் வேலை போச்சுன்னா ரெண்டு பிள்ளைங்களையும் வச்சுக்கிட்டு நான் எங்கக்கா போவேன்? கொலைகாரின்னு ஊரே பேசுமேக்கா..."

மூச்சக்கா நின்றாள். சிட்டு இடத்தில் தான் இருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று யோசித்துப் பார்த்தாள், அந்த யோசனையும் அவளுக்கு நிம்மதி தரவில்லை. "பயப்படாதே. நான் இனிமே யார்கிட்டயும் சொல்லப் போறதில்லை. சொன்னாலும் எவன் நம்புறான்?" என்றாள். "ஆனா என்னை இனிமே அக்கான்னு கூப்பிடாதே."

அந்த மாதக் கூட்டத்தில் அறுவை சிகிச்சை வார்டுக்குக் கேடயம் கொடுத்தார்கள். மாதம் முழுக்க ஒரு இடைவெளி இல்லாமல் கண்காணித்த வார்டாம். சுவரில் போட்டுக் காட்டிய படத்தில் டிரைவர் படுத்திருந்த கட்டிலும் இருந்தது, பச்சைப் பசேலென்று. எல்லாரும் கைதட்டினார்கள். சிட்டு வார்டு ஆட்களோடு மேடைக்குப் போய்க் கேடயத்தின் ஓரத்தை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு நின்றாளாம். லீவில் இருந்த மூச்சக்காவுக்கு யாரோ வேலை மெனக்கெட்டுப் போன் பண்ணி இதைச் சொன்னார்கள்.

லீவு முடிந்து வேலைக்கு வந்தாள். வராமல் என்ன செய்வாள்? வீட்டில் இருந்தால் அந்த அமைதி ஆளைக் கொன்றது. குறட்டை இல்லாத வீட்டில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை, திடுக்கிட்டு எழுந்து பக்கத்தில் கையை நீட்டி வெறும் மெத்தையைக் குத்தினாள். ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவளிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். கழுத்துக்குக் கீழே அவள் பசைத்தாள் ஒட்டிக்கொள்ளவில்லை. தழும்பு ஆற ஆரம்பித்திருந்தது, அதுகூட அவளுக்குப் பிடிக்கவில்லை.

அன்றைக்கு ஒரு அம்மாவைக் குளியலறைக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. நுரையீரலில் சளி கட்டிச் சேர்ந்தவர், பேச்சுக்காரர், குளிக்காமல் நாலு நாள் ஆகிவிட்டதென்று புலம்பிக்கொண்டிருந்தார். சிஸ்டர் அந்த அம்மாவின் வில்லையைக் கழற்றி, யோசிக்காமல் பழையபடி அவள் பக்கம் நீட்டினார். "மூச்சக்கா, கொஞ்ச நேரம்..." என்று ஆரம்பித்து, முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். மூச்சக்கா வில்லையை வாங்கினாள். மேஜைமேல் வைத்தாள்.

திரை சிவந்தது. சத்தம் அடித்தது. வார்டில் படுத்திருந்தவர்கள் போர்வையை இழுத்துக் காதை மூடிக்கொண்டார்கள். அவள் அந்த அம்மாவைக் கைத்தாங்கலாகக் குளியலறையில் விட்டுவிட்டு வந்து நின்றாள். ஒரு டாக்டர்கூட ஓடி வரவில்லை. ஒரு மூச்சு நின்றுவிட்டது என்று அத்தனை சத்தம் போடுகிறது, நடையில் போனவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேஜையில் போன் மட்டும் அடித்தது. சிஸ்டர் எடுக்கத் தயங்கினார். மூச்சக்கா எடுத்தாள்.

கண்காணிப்பு அறையிலிருந்து மேனேஜரேதான். அவள் குரல் அவருக்குத் தெரியவில்லை.

"என்ன அங்க, மூணாவது மாடியில சிவப்பு ஓடுது? தூங்கறீங்களா?"

"பேஷண்ட் குளிக்கப் போயிருக்காங்க சார்."

"குளிக்கட்டும், அதுக்கென்ன? வர்ற வரைக்கும் நீங்க யாராவது மாட்டிக்க வேண்டியதுதானே? எப்பவும் செய்யறதுதானே? இன்னைக்கு என்ன புதுசா?"

மூச்சக்கா போனைக் காதில் வைத்தபடி நின்றாள். எப்பவும் செய்யறதுதானே. நாற்காலி இழுத்துப் போட்டதும், ஆறுதல் சொன்னதும், கேட்கவே எப்படி இருக்கிறது என்று தலையை ஆட்டியதும் இதே வாய்தான்.

"ஹலோ? கேக்குதா? சீக்கிரம் பச்சை ஆக்குங்க" என்றது போன்.

"மூச்சு விடறவங்க வெளியில வரட்டும் சார். அப்ப ஆகும்" என்றாள். போனை வைக்காமல் மேஜைமேல் கிடத்திவிட்டு, குளியலறைக் கதவருகே போய் நின்றாள். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வெளியே மெஷின் கத்திக்கொண்டே இருந்தது. அந்தக் கூச்சலில் அந்த அம்மாவின் மூச்சு கேட்க வழியில்லை. அவள் கதவைத் தட்டினாள்.

"என்னம்மா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்லம்மா. பேசிக்கிட்டே குளிங்க. எதையாவது பேசுங்க, நிறுத்தாதீங்க. எனக்குக் கேக்கணும்."

உள்ளே அந்த அம்மா சிரித்துவிட்டு, தன் மருமகளைப் பற்றி ஆரம்பித்தார். மூச்சக்கா கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றாள்.